கழித்த பெட்டியுள் கண்ட கல்வி

புதிதாக வந்த கருவியை எல்லாரும் வியந்து நோக்குவர். அது பழையதாகிப் பயன் குன்றியதும் மூலையில் ஒதுக்குவர். பின்னர் எடைக்குப் போட்டுவிடுவர். உலகியல் இதுவே. ஆயினும் கற்கும் விருப்பம் உடையவனுக்கு இம்முறை தலைகீழாக அமைந்துள்ளது. புதிய பொறி விலையுயர்ந்தது. தொடுவதற்கும் அச்சம் தருவது. திறந்து பார்த்தால் பழுதாகிவிடுமோ என்று கையைத் தடுப்பது. கழித்த பொறியோ எவரும் அஞ்சாது திறக்கத்தக்கது. ஆதலின், புதுப்பொறி பயன்கொள்வோனுக்கு உரியது. பழம்பொறி பயில்வோனுக்கு உரியது என்று கூறுதல் பொருந்தும்.

இவ்வுண்மையை நன்கு விளக்கும் பொழுதுபோக்கு ஒன்று இக்காலத்தில் பல நாடுகளில் பரவியுள்ளது. பெருநிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பல்லாண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட கணிப்பொறிகளை வாங்கி, இல்லத்திற்குக் கொண்டுவந்து, திறந்தும் துடைத்தும் இயக்கியும் பார்ப்பதே அது. அவை மேசைமேல் வைத்து எழுதப் பயன்படும் கணிப்பொறிகள் அல்ல. ‘சர்வர்’ எனப் பலரும் குறிப்பிடும் பெரிய கணிப்பொறிகள். கேட்போர்க்குக் கேட்டதை எடுத்து வழங்குதலின், தமிழில் அவை ‘வழங்கி’ என்னும் பெயர் பெற்றன.

வழங்கியைக் கண்ணால் கண்டவர் சிலரே. அதன் உதவியைப் பெறாதவர் மிகச் சிலரே. அலைவாய் என்று பழநூல்கள் போற்றும் திருச்செந்தூரின் கடற்கரையில் ஒருவர் நிற்கிறார். சென்னைக்குச் செல்லும் ரயிலில் இடம் உண்டா எனத் தம் கைப்பேசியில் வினவுகிறார். இமைப்பொழுதில் விடை வருகிறது. அவ்விடை கைப்பேசிக்குள் இருந்ததன்று. தொலைவில், குளிரூட்டிய கூடம் ஒன்றில், இரவும் பகலும் ஓயாது இயங்கும் வழங்கியே அதனை அனுப்பியது. இத்தகைய செய்திகள் செல்லும் வழிகளுள் கடலடியும் ஒன்று. முத்துக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கடலில், பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. 2006-ஆம் ஆண்டில் அதே தூத்துக்குடிக் கரையினின்று, கொழும்பை அடுத்த மவுண்ட் லவினியா வரை, கடலடியில் கண்ணாடி இழை வடம் ஒன்று இடப்பட்டது. முத்தைத் தேடி மனிதர் மூழ்கிய கடலில் சொற்கள் ஒளியாக மாறிச் செல்லத் தொடங்கின.

வலையுலகின் முதல் வழங்கி இவ்வளவு பெருமிதத்தோடு தோன்றவில்லை. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞர் 1990-ஆம் ஆண்டில் அதனை அமைத்தார். அது அவருடைய பணிக்கு உரிய கணிப்பொறியே. அறியாமல் எவரேனும் அதனை அணைத்துவிட்டால் வலை முழுவதும் நின்றுவிடும். ஆதலின், அணைத்தல் கூடாது என்னும் எச்சரிக்கையைச் சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தனர். ஒரு தாள்துண்டே அந்நாளில் வலையுலகின் காவலாக இருந்தது!

நாளடைவில் வழங்கிகள் பெருகின. அவற்றைப் பரப்பி வைக்க இடம் போதாமையால், அடுக்கி வைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் புதிய சட்டம் எதனையும் எவரும் ஆராயவில்லை. தொலைபேசி நிலையங்களில் ரிலே என்னும் உறுப்புகளைப் பொருத்துவதற்கென முன்பே இருந்த இரும்புச் சட்டத்தையே எடுத்துக்கொண்டனர். அச்சட்டத்தின் அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். உயரத்தை அளக்கும் அலகு ஒன்றேமுக்கால் அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். ஓரலகு உயரம், ஈரலகு உயரம் எனப் பெட்டிகளைச் செய்து, அலமாரியில் நூல்களை அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். அளவு மாறாமையால், முப்பது ஆண்டுக்கு முந்திய பெட்டியும் நேற்றுச் செய்த பெட்டியும் ஒரே சட்டத்தில் பொருந்தி நிற்கின்றன. நல்ல அளவு ஒன்றைத் தேர்ந்து அதனை மாற்றாது போற்றுவதன் பயன் இதனால் விளங்கும்.

திருச்செந்தூரில் தொழிற்கல்வி பயிலும் இளைஞன் ஒருவன் இத்தகைய பெட்டியின்மேல் விருப்பம் கொண்டான் என வைத்துக்கொள்ளலாம். தந்தை உடன்குடிக் கருப்பட்டி விற்கும் சிறு வணிகர். புதிய வழங்கி வாங்கும் செல்வம் அவ்வீட்டில் இல்லை. பழைய மின்னணுப் பொருள்கள் குவிந்து கிடக்கும் சென்னை ரிச்சி தெருவில், 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டெல் பவர்எட்ஜ் 2950’ என்னும் ஈரலகுப் பெட்டி ஒன்று அவன் கண்ணில் படுகிறது. அதனை ஆக்கியவர்கள் பேணும் பொறுப்பை என்றோ விட்டுவிட்டனர். அதே அளவு மின்சாரத்தில் பன்மடங்கு வேலை செய்யும் புதிய பெட்டிகளும் வந்துவிட்டன. கழிக்கப்பட்டதற்குக் காரணம் இவையேயன்றிக் கேடு அன்று.

“தம்பி, இது வீட்டுக்கு ஆகாது. ஓயாமல் இரையும், மின்சாரமும் தின்னும்” என்று கடைக்காரர் உண்மையை உரைக்கிறார். “தெரியும் அண்ணாச்சி, பயன்படுத்த அன்று, படிக்கத்தான் வாங்குகிறேன்” என்கிறான் இளைஞன். முழு உறுப்புகளோடும் ஏறத்தாழ 26 கிலோ எடையுள்ள அப்பெட்டி, பழைய போர்வையில் பொதியப்பட்டு, செந்தூர் விரைவு ரயிலில் ஊர் வந்து சேர்கிறது.

வீட்டில் வரவேற்பு எவ்வாறு இருக்கும்? “ஏன் ராசா, ஊரார் வேண்டாம் என்று கழித்ததை நீ ஏன் சுமந்து வந்தாய்?” என்று ஆச்சி கேட்பார். தந்தை ஒன்றும் கூறாமல், இதற்குச் சென்ற பணத்தை மனத்துள் கருப்பட்டிக் கணக்காக மாற்றிப் பார்ப்பார். அவர்கள் ஐயம் இயல்பானதே. பழைய இரும்பைப் பிரிப்பதனால் அறிவு வளருமா என்னும் வினாவுக்கு விடை, இதற்கு முன் அவ்வாறு செய்தோரின் வாழ்க்கையில்தான் உள்ளது.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிக் கல்வியில் அவர் உள்ளம் செல்லவில்லை. ஆங்கில அலுவலர் ஒருவர் ஊர்ந்து வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டது முதல் அவருக்கு உறக்கம் இல்லை. கூலி வேலை செய்து பணம் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை, உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பரப்பினார், மீண்டும் பூட்டினார். அவ்வாறு பெற்ற அறிவே பின்னாளில் அவரை உந்துவண்டித் தொழிலுக்கு இட்டுச் சென்றது. 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொடங்கிய அவர் பணி, நாடறிந்த பெருந்தொழிலாகப் பெருகியது.

கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா என்பார் 1953-ஆம் ஆண்டில் மின்னணுக் கணிப்பொறி ஒன்றை உருவாக்கினார். இந்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட முதல் மின்னணுக் கணிப்பொறி என அதனைக் கூறுவர். பத்து மாறிகளை உடைய சமன்பாடுகளை அது தீர்க்கவல்லது. அந்நாளில் அதற்கு வேண்டிய உறுப்புகள் கடைகளில் எளிதிற் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கழித்துவிடப்பட்ட பொருள்களிடையே தேடித் தேடி எடுத்தே அக்கருவியைக் கட்டினர். போரின் கழிவு கணிதத்தின் கருவியாயிற்று.

அண்மைக் காலத்தும் சான்று உண்டு. அமெரிக்காவில் 18 வயது இளைஞர் ஒருவர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் கழித்து ஏலத்தில் விட்ட ஐ.பி.எம். பெருங்கணிப்பொறி ஒன்றை 240 டாலருக்கும் குறைந்த விலைக்கு எடுத்தார். ஆள் உயரத்தினும் மிக்க அப்பொறி வீட்டின் நிலவறைக்குள் நுழையவில்லை. பிரித்துப் பிரித்து இறக்கி, உள்ளே மீண்டும் பூட்டி, பலநாள் உழைத்து அதனை இயக்கினார். 2016-ஆம் ஆண்டில் அத்துறை வல்லுநர் கூடிய மாநாட்டில் தம் பட்டறிவை எடுத்துரைத்தார். பின்னர் அதே ஐ.பி.எம். நிறுவனம் அவரைத் தன் பணியில் அமர்த்திக்கொண்டது.

இனி, திருச்செந்தூர் வீட்டுத் திண்ணையில் வைத்த பெட்டியைத் திறந்து பார்க்கலாம். மேல்மூடியை நீக்குவதற்குத் திருகாணி வேண்டுவதில்லை. தாழ்ப்பாளை நெம்பினால் போதும். மூடியின் உட்புறத்தில் எந்த உறுப்பு எங்கே உள்ளது என்று காட்டும் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. வழங்கியை ஆக்கியோர், அது ஒருநாள் பழுதுறும் என்பதையும், அந்நேரத்தில் யாரோ ஒருவர் விரைந்து திறப்பார் என்பதையும் முன்னரே எண்ணியிருக்கின்றனர். இவ்வினத்துப் பெட்டிகளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றத்தக்க உறுப்புகளின் பிடி செங்காவி நிறத்திலும், நிறுத்திய பின்னரே கழற்றத்தக்கவற்றின் பிடி நீல நிறத்திலும் அமைந்திருக்கும். இருளில் நிற்கும் பணியாளனுக்கும் நிறமே வழிகாட்டும்.

பின்புறத்தில் மின்சாரம் ஏற்கும் பெட்டிகள் இரண்டு உள்ளன. ஒன்றே போதுமாயின், இரண்டு ஏன்? இளைஞன் ஒன்றன் கம்பியைப் பிடுங்குகிறான். எச்சரிக்கை விளக்கு மட்டும் நிறம் மாறுகிறது, பொறி நிற்கவில்லை. உள்ளே வரிசையாக விசிறிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை நீக்கினால் மற்றவை தம் வேகத்தைப் பெருக்கி, இல்லாததன் பணியையும் தாமே ஏற்கின்றன. இரைச்சல் மிகுகிறது, வெப்பமோ மிகவில்லை. ஒருவர் நோயுற்றபோது அவர் பங்கு வேலையையும் பகிர்ந்து செய்யும் கூட்டுக் குடும்பம் போன்றது அவ்விசிறி வரிசை.

முன்புறத்தில் செய்திகளைச் சேமிக்கும் வன்தட்டுகள் பொருந்தியுள்ளன. அவற்றுள் விரைவு மிக்கவை நிமிடத்திற்கு 15,000 முறை, அதாவது நொடிக்கு 250 முறை சுழல்வன. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் சுழலும் தட்டு என்றேனும் நின்றே தீரும். அப்போது அதிலுள்ள செய்தி அழிந்துபோகாதா? இவ்வினாவுக்கு விடை கண்டோர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சார்ந்த பாட்டர்சன், கிப்சன், கேட்ஸ் என்னும் மூவர். விலை மிக்க தட்டு ஒன்றை நம்புவதினும், விலை குறைந்த தட்டுகள் பலவற்றை இணைத்து நம்புதல் நன்று என 1988-ஆம் ஆண்டில் அவர்கள் ஆராய்ந்து வெளியிட்டனர். அதன் கருத்தை எளிய கணக்கால் அறியலாம். மூன்று தட்டுகளில் 7, 4, 9 என்னும் எண்கள் உள்ளன எனக் கொள்க. நான்காம் தட்டில் இம்மூன்றின் கூட்டுத்தொகையாகிய 20 எழுதப்படுகிறது. இரண்டாம் தட்டு கெட்டுவிட்டது. 20-இலிருந்து 7-உம் 9-உம் கழித்தால் மிஞ்சுவது 4. இழந்தது மீண்டுவிட்டது! கணிப்பொறி இதனைத் தனக்கேயுரிய ஒற்றை இரட்டைக் கணக்கால் செய்கிறது. ஆயினும் நெறி ஒன்றே. இளைஞன் ஓடும் பொறியிலிருந்து ஒரு தட்டை உருவி எடுக்கிறான்; வேறொன்றைச் செருகுகிறான். மற்றத் தட்டுகள் தம்முள் கணக்கிட்டு, புதிய தட்டில் பழைய செய்திகளை எழுதி முடிக்கின்றன. ஆச்சி உறங்கி எழுவதற்குள் அப்பணி நிறைவேறிவிடுகிறது.

இவற்றினும் நுட்பமானது நினைவகம். கணிப்பொறியின் மொழி, 0, 1 என்னும் இரண்டே குறிகளால் ஆயது. மின்சாரத்தின் சிறு தடுமாற்றத்தாலோ, வானினின்று வரும் நுண்துகளின் தாக்குதலாலோ ஒரு 0 தானே 1 ஆக மாறிவிடுவதும் உண்டு. வங்கிக் கணக்கில் அவ்வாறு ஒரு குறி மாறினால் விளைவு என்னாகும்? வழங்கியின் நினைவகம், 64 குறிகளைக் காப்பதற்கு 8 குறிகளை மேலும் சேர்த்து வைக்கிறது. அதனால் ஒரு குறி பிழைபட்டால் தானே திருத்திக்கொள்கிறது. இரு குறிகள் பிழைபட்டால் உடனே அறிவிக்கிறது.

இவ்வழியைக் கண்டவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ரிச்சர்டு ஹாமிங். 1947-ஆம் ஆண்டளவில் அவர் தம் கணக்குகளை வாரக் கடைசியில் கணிக்கும் பொறியிடம் விட்டுச் செல்வார். பொறி தன் பிழையைத் தானே கண்டறியவல்லது. ஆனால் கண்டதும் அக்கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வேலை முடிந்திராது. இவ்வாறு ஒருமுறைக்கு மறுமுறையும் ஏமாற்றம் அடைந்த ஹாமிங், பிழை உண்டு என்பதை அறியும் பொறி, பிழை எங்கே உள்ளது என்பதையும் ஏன் அறிதல் கூடாது என்று எண்ணலானார். சினம் சிந்தனையாக மாறிற்று. சிந்தனை 1950-ஆம் ஆண்டில் நூலறிவாக வெளிவந்தது.

அவர் நெறியின் சாயலை உப்பளக் கணக்கில் காணலாம். மூன்று பாத்திகளில் மூன்று நாள் எடுத்த உப்பு மூட்டைகளை மூன்று வரியும் மூன்று பத்தியுமாக எழுதுக. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், ஒவ்வொரு பத்தியின் அடியிலும் கூட்டுத்தொகையை எழுதுக. பின்னர் எவரேனும் ஓர் எண்ணை மாற்றிவிட்டால், அவ்வெண் உள்ள வரியின் தொகையும் பொருந்தாது. பத்தியின் தொகையும் பொருந்தாது. பொருந்தாத வரியும் பொருந்தாத பத்தியும் சந்திக்கும் இடமே பிழையின் இடம். இடம் அறிந்தபின் சரியான எண்ணை அறிதல் எளிது. கூடுதலாக எழுதிய சில எண்கள் கணக்கையே காத்தன அன்றோ?

பெட்டியின் ஒரு மூலையில் மற்றொரு சிறு கணிப்பொறியும் இருக்கிறது. பெரிய பொறி அணைந்திருக்கும்போதும், மின்கம்பி இணைந்திருக்கும்வரை, அது விழித்திருக்கும். எந்நாளில் எந்த உறுப்பு தளர்ந்தது, எப்போது வெப்பம் மிகுந்தது என்பவற்றையெல்லாம் நாள்குறித்து எழுதி வைக்கும். பழம்பெட்டியை இயக்கியவன் முதலிற் படிக்கத்தக்கது அக்குறிப்பேயாகும். முன்னொரு காலத்தில் எங்கோ ஒரு கூடத்தில் அப்பெட்டி பட்ட பாடு அனைத்தும் அதில் பதிந்திருக்கும்.

இவை அனைத்தையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். என்றும் கெடாத உறுப்புகளால் வழங்கி கட்டப்படவில்லை. கெடும் உறுப்புகளாலேயே கட்டப்பட்டது. கெடும் என்பதை ஒளிக்காது ஒப்புக்கொண்டு, கெட்டபோது என்ன செய்வது என்று முன்னரே எண்ணி வைத்த அறிவே அதன் வலிமை. கூகுள் நிறுவனத்தார் 1999-ஆம் ஆண்டில் செலவைச் சுருக்கும் பொருட்டு, மூடியும் இல்லாத மலிவான பலகைகளைக் கார்க் விரித்த தட்டுகளில் நெருக்கி அடுக்கித் தம் வழங்கிகளை அமைத்தனர். அவை அடிக்கடி கெட்டன. கெட்டவற்றை விட்டு மற்றவற்றைக் கொண்டு பணி தொடரும்படி ஏற்பாடு செய்தமையால், பயன்படுத்துவோர் அக்கேட்டை உணரவில்லை. அவ்வடுக்குகளுள் ஒன்று இன்று வாஷிங்டன் நகரில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. ஒரே பெட்டிக்குள் எத்தனை இரட்டிப்பு இருந்தாலும், அப்பெட்டியே நீரில் மூழ்கிவிட்டால் என் செய்வது? இதற்கு விடையைப் பொருநைக் கரை மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் அப்பகுதியில் பெய்த மழை அளவிறந்தது. திருச்செந்தூரை அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மின்சாரம் நின்றது, தொலைபேசித் தொடர்பு அற்றது, சாலைகள் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், இருப்புப்பாதையின் அடிமண் அரிக்கப்பட்டமையால், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். அருகிலிருந்த புதுக்குடி மக்கள், தாமே துயருற்றிருந்தும், தம்மிடம் இருந்ததைக் கொண்டு அவர்களுக்கு உணவளித்துக் காத்தனர். ஒரு வழி அடைபட்டபோது மற்றொரு வழி திறந்தது. அது மனித நெஞ்சத்தின் வழி.

அவ்வெள்ளத்தில் பலர் வீட்டுப் பத்திரங்களையும் பள்ளிச் சான்றிதழ்களையும் இழந்தனர். பின்னர் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, இழந்த சான்றுகளை மீண்டும் பெற வழி செய்தது. இழந்ததை எவ்வாறு மீண்டும் தர இயன்றது? வீட்டில் இருந்த தாள் நனைந்து கரைந்தாலும், அதன் பதிவு வேறோர் இடத்தில் இருந்தமையால் இயன்றது. வன்தட்டுகள் ஒரு பெட்டிக்குள் ஒன்றையொன்று காப்பது போதாது. தொலைவிலும் ஒரு படி இருத்தல் வேண்டும் என்னும் பாடத்தைத் திண்ணைப் பெட்டியின்முன் இருந்து கற்றவன், அதன் பொருளைத் தன் ஊரின் துயரில் கண்டு தெளிவான்.

கடற்கரையூரில் இப்பொழுதுபோக்கு எளிதன்று. வடகிழக்குப் பருவக் காற்று கடலினின்று ஈரத்தையும் உப்பையும் சுமந்து வரும். உப்பு, செம்பை அரிக்கும்; உறுப்புகள் தொடும் முனைகளில் பாசி படர்ந்தாற்போலப் பச்சை பூக்கும். ஆடிக் காற்றோ குதிரைமொழித் தேரியின் செம்மணலை வாரி இறைக்கும். அம்மணலின் நுண்தூள் விசிறியின் வழியே புகுந்து வெப்பம் வெளியேறாதபடி அடைக்கும். ஆதலின் இங்கே பெட்டியை வைத்திருப்போன், மூடி வைப்பதையும், மென்தூரிகையால் துடைப்பதையும், முனைகளைச் சாராயநீரால் தூய்மை செய்து உலர்த்துவதையும் ஒழுங்காகச் செய்தல் வேண்டும். கடலோர வீட்டின் இரும்புக் கதவைப் பேணுவோர்க்கு இது புதிய செய்தி அன்று.

செலவையும் கருதுதல் வேண்டும். இத்தகைய பெட்டி ஏறத்தாழ 250 வாட் மின்சாரம் கொள்ளும் எனக் கொண்டால், நாள் முழுவதும் ஓடினால் 6 யூனிட். இரண்டு திங்களில் 360 யூனிட். கருப்பட்டிக் கடை வருவாயில் வாழும் குடும்பத்திற்கு அது பெருஞ்சுமை. நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் இயக்கினால் அரை யூனிட்டே செலவாகும். கற்றலுக்கு அவ்வளவு போதும். பெட்டியைத் தூக்கும்போது இருவர் கூடித் தூக்குதலும், நிலத்தொடர்புள்ள மூன்று முனை இணைப்பையே பயன்படுத்துதலும் இன்றியமையாதன. மின்சாரம் ஏற்கும் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் பிரித்தல் கூடாது. கம்பியைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். ஆர்வம் அளவு கடந்தால் அறிவு ஆகாது.

இவை எல்லாவற்றினும் பெரிய கடமை ஒன்று உண்டு. பழைய வன்தட்டில் முன்னாள் உரிமையாளர் அழிக்க மறந்த செய்திகள் எஞ்சியிருக்கலாம். ஒருவருடைய மருத்துவக் குறிப்பு, ஊதியக் கணக்கு, கடிதம் ஆகியன அதில் இருத்தல் கூடும். வாங்கியது இரும்பும் தட்டுமேயன்றிப் பிறர் அந்தரங்கம் அன்று. தட்டு தன்னுடையது, அதில் உள்ள வாழ்வு பிறருடையது. ஆதலின் படித்துப் பாராமல் முற்றும் அழித்த பின்னரே அதனைப் பயன்படுத்துதல் நேர்மை. காண்பார் ஒருவரும் இல்லாத இரவில், தனியறையில், திறந்து கிடக்கும் பிறர் கடிதத்தைப் படிக்காது மடித்து வைப்பவனே கற்றவன். தனிமனிதர் செய்திகளைக் காப்பதற்கென 2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் சட்டத்திற்கு முன்னே செல்ல வேண்டியது மனச்சான்று.

இறுதியில் அப்பெட்டியும் முற்றும் ஓய்ந்துவிடும். அன்று அதனைக் கடற்கரையில் எறிதலோ, செம்பு எடுக்கும் ஆசையால் எரித்தலோ தகாது. பலகைகளில் உள்ள ஈயம் முதலியன மண்ணையும் நீரையும் கெடுக்கும். எரிக்கும் புகை நுரையீரலைக் கெடுக்கும். மின்னணுக் கழிவுகளை ஒப்புதல் பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்கே அனுப்புதல் வேண்டும் என, 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் கூறுகின்றன.

இவ்வாறு ஒரு பெட்டியோடு ஓராண்டு பழகிய இளைஞன் பெற்றது யாது? விற்றால் பொருள் தரும் ஒன்றையும் அவன் பெறவில்லை. பெருங்கூடங்களில் பூட்டிக் காக்கப்படும் பொறியின் உள்ளமைப்பைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே கற்றான். தவறாமையைவிடத் தவறியபின் மீள்வதே வலிமை என்பதை அறிந்தான். தனக்குத் துணையாக ஒன்றையும், தொலைவில் ஒரு படியையும், விழித்திருக்கும் ஒரு காவலையும் வைத்துக்கொள்ளும் முன்னறிவைப் பெற்றான். ஆய்வுக்கூடமும் பெருஞ்செல்வமும் இல்லாத ஊரிலும் கல்விக்குத் தடையில்லை என்பதைத் தன் செயலாலேயே மெய்ப்பித்தான்.

செல்வர் கழித்ததை ஏழை பொறுக்கினான் என்று உலகம் கூறினாலும் கூறுக. கழித்தவர் அதன் பயனை மட்டுமே பெற்றனர். பயின்றவனோ அதன் அறிவையும் பெற்றான். பயன் ஓராண்டில் தேயும். அறிவு ஆண்டுதோறும் வளரும்.